தோளுக்குள் பூட்டிய மருந்து

பியூலாவின் இடது தோளில், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு சிமிழ் இருந்தது. அதற்குள் இருந்த மருந்து இறங்கினால் பசி அடங்கும், உடல் இளைக்கும். ஆனால் அது அவளுக்கு இறங்காது.

ஊரில் எல்லோருக்கும் அந்தச் சிமிழ் உண்டு. எடை குறைக்கும் போலி ஊசிகள் பெட்டிக்கடை வரை வந்து ஆட்கள் சாகத் தொடங்கியதும், அரசு ஊசியையே ஒழித்துவிட்டது. பதினெட்டு வயதானால் தோளில் பசியணைச் சிமிழ். கூடவே ரத்தத்தை ஓயாமல் சோதிக்கும் குருதிமானி. அது நோய் கண்டு சொன்னால், மருந்துக் காவல் வாரியம் எங்கிருந்தோ பூட்டைத் திறக்கும். நோய் இல்லாதவருக்குத் திறக்காது.

பியூலாவுக்கு நோய் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கிரேன் ஓட்டி நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆகியிருந்தாள், அவ்வளவுதான். தம்பி கிளாட்வினின் சிறுநீரகங்கள் செயலிழக்கும் வரை அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சிறுநீரகங்களை அவன் உடம்பு இரண்டு முறை ஏற்க மறுத்தது. இனி உறவுக்காரர் ஒருவருடையதுதான் வேண்டும். பெற்றவர்கள் இல்லை. அக்காவுடையது பொருந்தியது.

“ஆனா எண்பத்தஞ்சுக்குக் கீழ வரணும் பியூலா. இந்த எடையில உங்களை அறுத்தா உங்க உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர் ராமலட்சுமி. “தம்பி ஒரு வருஷம் தாங்குவார்.”

அவள் கஞ்சியும் கீரையுமாகத் தின்றாள். கடற்கரைச் சாலையில் விடியுமுன் நடந்தாள். மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. கிளாட்வின் அதைவிட வேகமாக இளைத்துக்கொண்டிருந்தான்.

வாரிய அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி செய்யது நல்ல மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“சர்க்கரை இல்ல, கொதிப்பு இல்ல, இதயம் நல்லா இருக்கு. உங்களுக்குத் திறக்க வழியே இல்லம்மா.”

“எனக்காகக் கேக்கல சார். என் தம்பிக்காக.”

“உங்க தம்பி ரத்தத்தையா இது பாக்குது? உங்க ரத்தத்தைத்தான் பாக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “மேல்முறையீடு போடுங்க. பதினாலு மாசம் ஆகும்.”

பேருந்தில் திரும்பும்போது அவள் தோளைத் தடவிக்கொண்டே வந்தாள். நகத்தால் கீறி எடுத்துவிடலாம் போலிருந்தது. போன வருடம் அப்படிக் கீறிய ஒருவன் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிச் செத்தது ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலமே தின்னத் தொடங்கினாள். மக்ரூன், அல்வா, பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம். நடையை நிறுத்தினாள். அவள் அப்பா சர்க்கரையில் செத்தவர். அது தன் ரத்தத்திலும் எங்கோ காத்திருக்கும் என்று நம்பினாள். தொண்டை வரை இனித்து வாந்தி வந்தது. வாயைக் கழுவிவிட்டு மறுபடியும் தின்றாள். கிளாட்வினிடம் எதுவும் சொல்லவில்லை.

அப்படித் தின்னத் தொடங்கிய நான்காம் மாதம், கிரேனில் இருக்கும்போது, தோளுக்குள் சின்னதாக ஒரு சொடுக்கு. கைப்பேசி சொன்னது: நீரிழிவு உறுதி. சிமிழ் திறக்கப்பட்டது.

அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அழுதாள். அத்தனை சந்தோஷம்.

அதன் பிறகு பசியே இல்லை. ஐந்தே மாதத்தில் எண்பத்து நான்கு. சர்க்கரையும் ஓடிப்போனது. தொளதொளத்த சுடிதாரோடு டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

ராமலட்சுமி சிரித்தபடி அவள் பதிவைத் திறந்தார். சிரிப்பு நின்றது.

“உங்களுக்குச் சர்க்கரை வந்துச்சா?”

“இப்ப இல்லையே டாக்டர்!”

“வந்தவங்ககிட்ட கிட்னி எடுக்கக் கூடாது. திரும்ப வந்தா, மிஞ்சுற அந்த ஒண்ணும் போயிடும். சட்டமும் அதான். நானும் அதைத்தான் சொல்லுவேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் பியூலா இப்படிச் செஞ்சீங்க?”

“வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“இந்த வருஷம் இப்படி வந்து நிக்கிற ஏழாவது ஆள் நீங்க” என்றார் ராமலட்சுமி.

அவள் படியிறங்கும்போது கைப்பேசி ஒலித்தது. வாரியத்தின் வாழ்த்து. அவள் குணமடைந்துவிட்டாளாம். இந்த ஆண்டு வெற்றி கண்டவர்கள் பட்டியலில் அவள் பெயரும் சேர்க்கப்படுமாம். சிமிழ் இன்றோடு பூட்டப்படுகிறது.

கிளாட்வின் ரத்தச் சுத்திகரிப்பு அறையில் படுத்திருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் குழாய் செருகாத கையால் அவள் விரல்களைப் பிடித்தான்.

“சர்க்கரை திரும்ப வந்தா உன்னை யாரு பாத்துக்குவா அக்கா?” என்றான். “நான் இருக்க மாட்டேனே.”