பக்கத்து வீட்டு இருமல்

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். முதலில் இரண்டு சின்ன இருமல், கொஞ்சம் இடைவெளி, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெரிய இருமல். சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்த அறிவிப்பாளர் குழாயை மூடாமலே நின்றுவிட்டார். அது அவருடைய இருமல். வானொலி நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்ததும் வழக்கமாக அவர் இருமுகிற இருமல்.

"பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தாச்சா?"

"நேத்தே வந்துட்டாங்க. சபைக்காரங்க. ரொம்ப நல்ல மாதிரி" என்றாள் மனைவி.

நேற்று முளைத்த மதம், அதற்குள் தெருவுக்குத் தெரு கூடம் கட்டிவிட்டார்கள். எதிர்ப்பவர்கள் மேல் சபை வழக்குப் போடுவதில்லை, கல் எறிவதில்லை, பதில்கூடச் சொல்வதில்லை. "சுமப்போம்" என்பார்கள். எதிர்க்கிற ஆளைச் சபையில் ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வாராம். அந்த ஆள் வாயால் சம்மதம் சொன்னால் போதுமாம். சபையைக் கிழி கிழியென்று கிழித்த மாடிவீட்டுப் பல் டாக்டர் இப்போது கன்னமெல்லாம் உப்பி, குடும்பத்தோடு கூடத்துக்குப் போய்வருகிறார்.

போன வாரம் அறிவிப்பாளரும் நிகழ்ச்சியில் சபையை வாங்கு வாங்கென்று வாங்கினார். முடிக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "என்னையும் சுமக்கணுமா? தாராளமா வாங்க. தொப்பையையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க!" நிலையமே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இருமலுக்குப் பிறகு செருப்பு. வலது காலை லேசாக இழுத்து நடக்கிற அவருடைய நடை, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வெளியே படியேறியது. படிக்கட்டில் அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை, ஈரச் சுவரின் பாசி நாற்றத்தோடு கலந்து நின்றது. ஒரு மத்தியானம் சுவருக்கு அப்பாலிருந்து, "வணக்கம் நேயர்களே" என்று குழறலாக ஒரு குரல் கேட்டது. அடுத்த நாள் குழறல் குறைந்திருந்தது. அவருக்குத் தொண்டை கட்டியது.

"மருந்து வாங்கிட்டு வாங்களேன். காத்துதான் வருது" என்றாள் மனைவி.

அவருக்குப் பயமாக இருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மருந்தோடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. படிக்கட்டில் எண்ணெய் வாசனை. வீட்டுக்குள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! இன்னொரு தடவை, கரடி மாதிரி பேசுப்பா!"

கரடி பேசியது. அவர் மட்டுமே பேசுகிற கரடி.

கதவைத் தட்டினார். சங்கிலி போட்டபடியே திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

நான்தாண்டி. உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவளுக்குப் பின்னால் இருமல். இரண்டு சின்னது. இடைவெளி. ஒரு பெரியது.

"பக்கத்து வீட்டுக்காரரும்மா. பாவம், பேச வராது" என்றது அவருடைய குரல், அன்பாக.

அவள் பரிதாபமாகப் புன்னகைத்தாள். கதவு மூடிக்கொண்டது.

பக்கத்து வீடு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண். தொலைபேசியில் கேட்ட குரல்.

"வாங்கண்ணே. எல்லாத்தையும் இறக்கியாச்சு. இனி உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உதற நினைத்தார். கை கேட்கவில்லை.

உள்ளே விளக்கில்லை. இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பல் டாக்டர். கன்னம் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. முகம் கூரையைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. மேலே டாக்டர் வீட்டில் யாரோ நடந்தார்கள். அந்தக் காலடி போன பக்கமெல்லாம் டாக்டரின் கண்கள் போயின.

இன்னொரு நாற்காலி காலி. சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் மகள் மறுபடி சிரித்தாள்.

அவர் போய் உட்கார்ந்து, சுவரில் காதை வைத்தார்.