மஞ்சள் நூல் சாக்ஸ்

யோகா வகுப்பில் பொடிசு தொபுக்கென்று விழுந்ததற்குக் காரணம் அவளுடைய சாக்ஸ்தான்.

பள்ளிக்கூட ஹாலின் தரை காலையில் ஜில்லென்று இருக்கும். பாயை விரித்துக்கொண்டாலும் குளிர் உள்ளங்காலில் ஏறும். அதனால் அன்று சாக்ஸைக் கழற்றாமலே ஒற்றைக்காலில் நின்றாள். கைகளை மேலே தூக்கியதுதான் தாமதம், கால் வழுக்கியது. பக்கத்துப் பாய்க்காரியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

"சாக்ஸ் போட்டா வழுக்குது, போடலைன்னா குளிருது. நான் என்னதான் டீச்சர் பண்றது?"

யோகா டீச்சர் தன் காலைக் காட்டினார். அவரும் சாக்ஸ்தான் போட்டிருந்தார். ஆனால் முன்பக்கம் விரல்களும் பின்பக்கம் குதிகாலும் வெளியே தெரிந்தன.

"விரலும் குதிகாலும் பாயைப் பிடிச்சுக்கும். மத்த இடம் கதகதப்பா இருக்கும். நானே பின்னினது," என்றார்.

பொடிசுக்கும் பின்னத் தெரியும். போன வருஷம் ஒரு மஃப்ளர்கூடப் பின்னியிருக்கிறாள். பாதிக்கு மேல் அதன் அகலம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ரிப்பன் மாதிரி ஆகிவிட்டது வேறு விஷயம்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினாள். பின்னல் ஊசிகள் மேஜை இழுப்பறையில் கிடைத்தன. நூல்தான் கிடைக்கவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டியபிறகு, பீரோவின் மேல் ஒரு துணிப்பை இருப்பதைப் பார்த்தாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். உள்ளே ஐந்து உருண்டை உல்லன் நூல், இளமஞ்சள் நிறத்தில். தொட்டால் அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு பையைப் பழையபடி வைத்தாள்.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு பட்டை பின்ன வேண்டும். ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் குழாய் ஆகிவிடும். தைக்கும்போது நடுவில் கொஞ்சம் தைக்காமல் விட்டால், அந்த வழியாகக் குதிகால் வெளியே வந்துவிடும்.

மூன்று மதியங்கள் பின்னினாள். இரண்டு முறை கண்ணி நழுவியது, பிரித்து மறுபடி பின்னினாள். மூன்றாம் நாள் ஒரு காலுக்குத் தைத்து முடித்தபோது, அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தோளில் கருவிப் பையோடு எட்டிப் பார்த்தார்.

"என்னடா பொடிசு, பாம்புக்கு ஸ்வெட்டரா?"

"போங்கப்பா. யோகா சாக்ஸ்."

சிரித்தபடி அதைக் கையில் வாங்கினார். அப்புறம் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த நூல் எங்கேருந்து எடுத்த?"

"பீரோ மேலேருந்து."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் பையை இறக்கவே இல்லை. "அது அம்மா வாங்கி வெச்சது," என்று மெதுவாகச் சொன்னார். "தம்பிக்குப் பின்னணும்னு."

பொடிசு கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் இல்லை. அவன் இருந்த அறைக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள் என்பதால் பொடிசு அவனைப் பார்க்கவே இல்லை. அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அப்பா தொட்டிலைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார். "அம்மா முன்னாடி அதைப் பத்திப் பேசாதே" என்று பொடிசிடம் சொன்னார். யாராவது வந்து பேச்செடுத்தால் உடனே பேச்சை மாற்றினார். பொடிசும் வாய் திறக்கவில்லை. அம்மா மறுபடி வேலைக்குப் போனாள், சமைத்தாள், வீட்டுப்பாடம் பார்த்தாள். கூப்பிட்டால் மட்டும் மூன்றாவது தடவைதான் திரும்பினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றார் அப்பா. "தெரிஞ்சா தாங்கமாட்டா. நாளைக்கே இதே மாதிரி ஒரு உருண்டை வாங்கி வெச்சிடறேன்."

பொடிசு தலையாட்டினாள். ஆனால் அவளுக்கு மனசே ஆறவில்லை. அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். புது மஞ்சளுக்கும் பழைய மஞ்சளுக்கும் வித்தியாசமா தெரியாது? ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மா பையை இறக்குவாள். ஓர் உருண்டை மாறியிருப்பதைப் பார்ப்பாள். அப்போது தனியாக உட்கார்ந்து அழுவாள்.

சாயங்காலம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பொடிசு போய் சாக்ஸை அவள் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். தெரியாமதான் பண்ணேன். இது தம்பியோட நூல்."

அறை வாசலுக்கு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா சாக்ஸை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். விக்கி விக்கி, சத்தமாக அழுதாள். பொடிசு இதுவரை அம்மா அப்படி அழுது பார்த்ததில்லை. அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று நினைத்தபோது அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோம்மா."

அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்ன தப்பு பண்ண? இந்த மூணு மாசத்துல நீதான் முதல் ஆளா அவனைத் தம்பின்னு சொல்லியிருக்க. அப்படி ஒருத்தன் வரவே இல்லாத மாதிரி ஆக்கிட்டீங்களே எல்லாரும்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…" என்று ஆரம்பித்தார் அப்பா. பீரோ ஓரமாகத் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அழுதார்கள். பொடிசுதான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். கேட்க வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி அது.

"அவன் எப்படிம்மா இருந்தான்?"

"முடி நிறைய இருந்துச்சு. மூக்கு உன்னோட மூக்கேதான். சப்பை."

"கால்?"

அம்மா தன் கட்டைவிரலைச் சாக்ஸின் மேல் வைத்துக் காட்டினாள். "இவ்வளவுதான்."

"ரெண்டாவது விரல் மட்டும் நீளம்," என்றார் அப்பா, துண்டுக்குள்ளிருந்து. "என்னோடது மாதிரி."

அம்மா ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கவனிச்சீங்களா?"

"எல்லாத்தையும் கவனிச்சேன்."

பொடிசு தன் காலைப் பார்த்தாள். அவளுக்கும் இரண்டாவது விரல்தான் நீளம். அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"இதைப் பிரிச்சு மறுபடி உருண்டையா சுத்திடட்டுமாம்மா?"

"வேண்டாம். இன்னொரு காலுக்கும் பின்னு. மீதி நூல் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்." அம்மா குதிகாலுக்காக விட்டிருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் போயிற்று. "என்னடி இது, குதிகால் வெளியே வரதுக்கா, யானை வெளியே வரதுக்கா?"

அழுதுகொண்டே சிரிக்க முடியும் என்று பொடிசுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த யோகா வகுப்புக்கு அவள் மஞ்சள் சாக்ஸோடு போனாள். டீச்சர் இன்னும் வரவில்லை. பக்கத்துப் பாய்க்காரி குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"அழகா இருக்கே. நீயே பின்னினியா?"

"ஆமா. என் தம்பியோட நூல்ல."

"உனக்குத் தம்பி இருக்கானா? சொல்லவே இல்லையே."

"இருந்தான். ரெண்டு நாள் இருந்தான்."

பக்கத்துப் பாய்க்காரி தன் பாயை நகர்த்தி, பொடிசின் பாயோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"அவனைப் பத்திச் சொல்றியா?"

பொடிசு சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"எங்க தம்பிக்கு முடி நிறைய," என்று ஆரம்பித்தாள்.