இரண்டாவது டிஸ்க்

நான்காவது கணினியும் பல்லிளித்துவிட்டது. முதலாவதில் லினக்ஸ் நிறுவல் பன்னிரண்டு சதவீதத்தோடு நின்றது, இரண்டாவதில் முப்பதோடு. மூன்றாவது எழுபது வரை ஆசை காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. பென்டிரைவை மாற்றிப் பார்த்தாள், ரேமைச் சோதித்தாள். எதிலும் கோளாறு இல்லை. விடுமுறை நாள் மதியம். பூட்டிய அலுவலகத்தில் பழைய காகிதத்தின் புழுக்க வாடையும் கணினிகளின் முனகலும் மட்டுமே துணை. நாளைக் காலைக்குள் ஐந்து கணினிகளும் ஓடாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அவளுடைய சந்தேகமெல்லாம் கூட வேலை செய்யும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன் மேல்தான். அவள் இடத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். போனில் பிடித்தாள்.

“நெட் வழியா என் மெஷின்ல கை வைக்கிறியா?”

“சத்தியமா இல்லக்கா. பழசை அழிக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. நகல் எடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்பது தொழிலின் அரிச்சுவடி. நேரம் மிச்சமாகுமே என்று முதல் கணினியை அப்படியே வழித்துத் துடைத்திருந்தாள்.

“எல்லாம் பாத்தேன்” என்று வைத்துவிட்டாள்.

உடனே மகள் அழைத்தாள். போன் திரையில் முன்பல் விழுந்த சிரிப்பு. “அம்மா, எப்ப வருவ? தனியா பயமா இருக்கு.”

“இதோ முடிஞ்சிடும்டா கண்ணு. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் கதவைத் திறக்காத.”

அவனை நம்பாமல் நெட் கேபிளைப் பிடுங்கினாள். ஐந்தாவதைத் தொடங்கினாள். எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று திரை கேட்டது. பட்டியலில் இரண்டு டிஸ்க்குகள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுதான் இருந்தது.

பட்டியலில் இரண்டாவதாக இருந்தது அவளுடைய பெயர்.

அவன் குசும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள். கீபோர்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மடியில் ஒரு பொத்தான் தாழ்ந்தது. விரல் எதுவும் படவில்லை.

திரையில் தேர்வு ஒரு வரி இறங்கி அவள் பெயரில் நின்றது. ‘முழுவதும் அழிக்கவா?’

என்டர் மெல்லத் தாழ்ந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. பத்து சதவீதம். ஓட வேண்டும். கதவு எந்தப் பக்கம்? நாற்பது. இது எந்த அலுவலகம்? எழுபது. இம்முறை எங்கும் நிற்கவில்லை.

போன் அடித்தது. திரையில் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் சிரித்தாள்.

யார் இந்தப் பிள்ளை?

கை தானாகப் போனை எடுத்தது. வாய் தானாகத் திறந்தது. உள்ளே எங்கோ மிச்சமிருந்தவள் தன் குரலையே கேட்டாள்.

“கிளம்பிட்டேன்டா கண்ணு. கதவைத் திறந்து வை.”