ஆணியில் இரண்டு துண்டு

சூளைக்குள் போகிறவர் கதவோரத்து ஆணியில் தன் துண்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் பட்டறையின் வழக்கம் அது. துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருந்தது வளர்மதியும் அவள் தம்பி சேரனும் மட்டும்தான். பொம்மை அடுக்க சேரன் உள்ளே போயிருந்தான். ஆணியில் இரண்டு துண்டு தொங்கியது.

ஒன்று அவள் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கரைத் துண்டு. இன்னொன்று ஓரம் கருகிய வெள்ளைத் துண்டு. வேர்க்குமென்று ரெண்டு கொண்டாந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

சூளைக் கதவு, உள்ளே இருக்கும் கேமரா, எல்லாம் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. திரையில் படம் காட்டும் டிரைவர் என்ற மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு போடச் சொல்லியிருந்தார் முதலாளி. போட்டாள், பாதியில் நின்றது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். கதவு தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஐயோ, ஆணியைப் பார்த்துவிட்டுமா இந்த வேலையைச் செய்தாள்! திரையில் கறுப்பும் வெள்ளை எழுத்தும்தான், கதவைத் திறக்கும் பட்டன் இல்லை. மணி நாலரை. ஐந்து மணிக்கு சூளைக்குள் கேஸ் தானாகப் பற்றும். கேஸை அடைக்கலாமென்றால் அந்த அறைச் சாவி முதலாளியிடம், அவரோ மங்கலம்பேட்டையில் கல்யாண வீட்டில் போனை எடுக்காமல் இருக்கிறார்.

"யக்கா, கதவத் தொறக்கா. மூச்சு முட்டுது."

"இருடா, இதோ ஆயிடும்டா."

ஆகவில்லை. புது டிரைவர் ஏற வேண்டுமென்றால் முதலில் அதற்குத் துணையாக லைப்ரரி என்ற இன்னொரு மென்பொருள் புதிதாக வேண்டுமாம். லைப்ரரி ஏற முதலில் புது டிரைவர் வேண்டுமாம். பந்தி வாசலில் நீங்க மொதல்ல, நீங்க மொதல்ல என்று நிற்கும் சம்பந்திகள் மாதிரி இரண்டும் நின்றன. ஈரக் களிமண் வாடையும் எதுவோ கருகும் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏற, மின்விசிறியின் கிறீச் சத்தத்துக்கு அடியில் கதவை உள்ளிருந்து விரல் முட்டியால் தட்டுவது கேட்டுக்கொண்டேயிருக்க, அவள் திரும்பத் திரும்ப அதே கட்டளையை அடித்தாள். அதே பதில்தான் வந்தது.

"யக்கா, உள்ள இன்னோர் ஆளு இருக்குது."

அவள் கை நின்றது. சூளையின் மறுகோடியிலிருந்து அதே குரல் வந்தது.

"அவன் பேச்ச கேக்காதக்கா. நாந்தான் சேரன்."

"இல்லக்கா! நாந்தான்!"

நாலு ஐம்பத்தாறு. டிரைவர், லைப்ரரி இரண்டில் ஒன்றைக் கட்டாயமாகப் பிடுங்கினால் முடிச்சு அவிழும். அதற்கான கட்டளையை அடித்தாள்.

இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்றது வரும், சம்மதமா என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"என் தம்பி வந்தா போதும் சாமி."

சம்மதம் என்று அழுத்தினாள்.

திரை பளிச்சென்று வந்தது. பட்டனைத் தட்டினாள். கதவு ஏறியது. உடம்பெல்லாம் வெள்ளை மண்ணாக சேரன் குனிந்து வெளியே வந்தான். அவன் பின்னாலேயே கதவு இறங்கியது. அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் உடம்பு அனலாகக் கொதித்தது.

"வூட்டுக்குப் போவலாம் வாக்கா."

கையை நீட்டித் துண்டை எடுத்தான். முகம் துடைத்தான்.

கருகிய வெள்ளைத் துண்டு.

மணி ஐந்து. குப்பென்று கேஸ் பற்றியது. உள்ளே விரல் முட்டி கதவைத் தட்டியது. ஆணியில் சிவப்புக் கரைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.