கானின் அங்கி

காலையில் வைத்த ஆட்டிறைச்சி மாலையில் இல்லை.

குன்பிகே கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். எலும்பு வழவழவென்று சப்பப்பட்டிருந்தது. நாய்கள் ராணியின் கூடாரத்துக்குள் வராது. எலியென்றால் சிந்திச் சிதறிவிட்டுப் போயிருக்கும். எதிரே, கான் எப்போதும் உட்காரும் இடத்தில், அவருக்குப் பதிலாகச் செய்த உருவமான தூல் திண்டில் சாய்ந்து அவளைப் பார்த்தபடி இருந்தது.

கான் இலையுதிர் காலத்தில் ஆற்றைக் கடக்கும்போது குதிரையோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. வழக்கப்படி மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, கம்பளி சுற்றி, அவருடைய நரித்தோல் அங்கியையும் தொப்பியையும் மாட்டி, தூல் செய்து உட்கார வைத்தார்கள். ஒரு வருஷம் அது வீட்டில் இருக்கும். காலையும் மாலையும் ராணி அதன் முன் ஒப்பாரி வைத்து, சாப்பாடு படைக்க வேண்டும். வருஷம் திரும்பியதும் அதை எரித்துவிட்டு, அவள் கொழுந்தன் பார்ஸ்பெக்குக்கு மனைவியாகப் போக வேண்டும். ராணி என்று பேர்தான் பெத்த பேர். கானின் குதிரைகளும் பட்டும் எப்படித் தம்பிக்குக் கைமாறுமோ, அவளும் அப்படித்தான்.

"சின்னவரு எடுத்துத் தின்னிருப்பாரு ராணிம்மா," என்றாள் பணிப்பெண் கரகஸ்.

"தின்னா நல்லதுதானேடி," என்றாள் குன்பிகே. அவன் சாப்பிட்டு நாலைந்து நாளாகியிருந்தது.

சின்னவர் என்பது தோகன். ஐந்து வயது. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த பிறகு அவளுக்கு மிஞ்சியவன். அப்பா போனதிலிருந்து பொழுது சாய்ந்தால் அழுகை. மூச்சு முட்ட, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க அழுவான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவனைத் தூக்கித் தூலின் மடியில் போட்டு, அங்கியை மேலே மூடிவிட்டாள். உயிருள்ளதை அதன் மடியில் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பெற்ற மனம் பித்து. பிள்ளை அந்த நிமிஷமே தூங்கிப்போனான், முகத்தில் சிரிப்போடு. அடுத்த நாள் அவனே போய் அங்கிக்குள் படுத்துக்கொண்டான். அதற்கு அடுத்த நாளும்.

இப்போது அவன் அழுவதில்லை. பேசுவதும் குறைந்துவிட்டது. நடக்கும்போது முட்டி மடங்காமல் விறைப்பாக நடந்தான். அவள் தூக்கும்போது கை தானாக மேலே எழும்பியது, அவ்வளவு இலேசாகிவிட்டான். உச்சி முகர்ந்தால் பால் வாசனை போய், புதிதாக வெட்டிய மரத்தின் பச்சை வாசனை அடித்தது.

"பசிக்கலையா கண்ணு?"

"அப்பா சாப்பிட்டாச்சு."

"அப்பா எப்படிடா சாப்பிடுவாரு?"

"என் வாயாலம்மா."

அவள் சட்டென்று எழுந்தாள். பிள்ளையைப் படுக்கையில் விட்டுவிட்டுத் தூலின் முன் போய் நின்றாள். வெளியே பனிக்காற்று கூடாரத்தின் கயிறுகளை இழுத்து இழுத்து விட்டது. அடுப்பில் சாணி வறட்டி மெதுவாகப் புகைந்தது. அந்தப் புகையையும் ஈரத்தோலின் நாற்றத்தையும் மீறி இன்னொரு வாசனை வந்தது. மனித வேர்வை. கணவனைப் பறிகொடுத்தவள் அந்த வாசனைக்கு ஏங்கித் தவித்திருக்கிறாள். இப்போது அது வேண்டாமாக இருந்தது. அங்கிக்குள் கையை விட்டாள்.

சூடு.

கம்பளிக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

கையை உருவிக்கொண்டு, தலைத்துணி விழுந்ததுகூடத் தெரியாமல் பனியில் ஓடினாள்.

பார்ஸ்பெக் லாயத்தில் இருந்தான். ராணி தலைத்துணிகூட இல்லாமல் வருவதைப் பார்த்துப் பதறி எழுந்தான்.

"அதை எரிச்சிடுங்க தம்பி. இப்பவே."

"பாதி வருஷம்கூட ஆகலையே அண்ணி. புருசன் நெனப்பு அதுக்குள்ள ஆறிடுச்சான்னு ஊரு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குமே."

"கேக்கட்டும். அது எம் புள்ளைய உறிஞ்சுது. நாளைக்கே உங்க கூடாரத்துக்கு வந்துடறேன். எங்கிட்ட வேற என்ன இருக்கு குடுக்க?"

அவன் முகம் சிவந்தது. கெட்டவன் இல்லை. "அதுக்காக நான் செய்யல அண்ணி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு விறகு அடுக்க ஆள் அனுப்பினான்.

அவள் திரும்பியபோது தோகன் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தொப்பியோடு, போர்வை காது வரைக்கும். தூங்குகிறான், நல்லதாயிற்று என்று நினைத்தாள். அப்பாவை எடுத்துப் போவதைப் பிள்ளை பார்க்க வேண்டாம். பக்கத்தில் படுத்து அவனைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

"யப்பா, என்னா கனம்! இன்னொருத்தன் வாடா."

"கம்பளி ஊறியிருக்கும்டா."

"பேசாமத் தூக்குங்க," என்றான் பார்ஸ்பெக்.

அவளைத் தாண்டிப் போகும்போது அங்கியின் கை தொங்கி வந்து அவள் பின்னலைப் பிடித்தது. பிடித்து இழுத்தது. உடம்பெல்லாம் கூச, அவள் அதை உதறித் தள்ளினாள்.

வாசல் கம்பளி விழுந்தது. இருட்டு. வெளியே விறகு பற்றும் சத்தம். பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

"முடிஞ்சுதுடா கண்ணு," என்றாள் பிள்ளையின் காதில். "இனிமே உனக்குப் பசிக்கும். பாலும் வெண்ணெயும் தரேன். எம் மடியிலயே படுத்துக்கோ."

அவள் அழுதாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமல், தனக்காக அழுதாள்.

வெளியே ஒப்பாரி நின்றது. பாதி வார்த்தையில்.

யாரோ கத்தினார்கள். இன்னொருத்தி. பிறகு எல்லாரும்.

அவள் தலையைத் தடவிக் கொடுக்கத் தொப்பியை விலக்கினாள்.

முடி இல்லை. காது இல்லை. சொரசொரவென்று மரப்பட்டை.

போர்வையை இழுத்தாள். தோகனின் சட்டை. உள்ளே கட்டையும், கட்டையைச் சுற்றிய கம்பளியும்.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியாது. ஆட்கள் தங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். பார்ஸ்பெக் இரண்டு கையும் வெந்து, பனியில் மண்டியிட்டிருந்தான். தீ ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் நடுவே கானின் அங்கி உட்கார்ந்திருந்தது. அதன் நீண்ட கைக்குள்ளிருந்து சின்னஞ்சிறு விரல்கள் ஐந்தும் வெளியே வந்து, எதையோ பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தன.