அத்தை அறையின் பட்டன்

வீட்டில் வேலை செய்தவை ஒன்பது கருவிகள். திரையில் பத்து இருந்தன.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினான். கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, ஆள் நடந்தால் தானாக எரியும் நடைவழி விளக்கு, வாசல் கதவின் மணி... ஒன்பது வரை கணக்கு சரி. பத்தாவதாக, ‘அத்தை அறை பட்டன்’. பேட்டரி நூறு சதவீதம்.

மாமியார் இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

பிற்பகல் மூன்று மணி. வெயிலுக்குப் பயந்து திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டிருந்ததில், வீடு கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக்கேட்பது போல் கிடந்தது. மனைவி தன் தம்பியை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தாள். மச்சானும் இவனைப் போல சாஃப்ட்வேர் ஆசாமி. முந்தின நாள் போனில் சொல்லியிருந்தான்.

“மாமா, அந்த பிரிட்ஜை நான் ஒரு தடவ பாக்கறேன். பேட்டரி தீரப்போகுதுன்னா அது முன்னாடியே சொல்லியிருக்கணுமே! அக்கா பாவம், தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கா.”

அதனால்தான் இந்த அவசரம்.

பிரிட்ஜ் என்பது வீட்டின் விளக்குகளையும் பட்டன்களையும் போனோடு பேசவைக்கும் மென்பொருள். கடையில் வாங்கியது பிடிக்காமல், லினக்ஸ் கணினியில் அதன் நிரலை அவனே கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, ஓடவிட்டிருந்தான். அதையும் கன்டெய்னர் என்ற மூடிய பெட்டிக்குள்தான் செய்வான். வேண்டாதபோது பெட்டியோடு தூக்கி எறிந்துவிட்டால் சுவடே இருக்காது. இன்றைக்கு அந்தச் சுவடில்லாமைதான் அவனுக்குத் தேவைப்பட்டது.

அத்தையின் கழுத்தில் ஒரு கயிற்றில் அந்தப் பட்டன் தொங்கும். அமுக்கினால் இவன் போனும் மனைவி போனும் அலறும். மனைவி பகலெல்லாம் ஆபீசில். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் இவன்தான். “மாப்ளே, ஃபேன் சத்தம் போடுது.” “மாப்ளே, மணி என்னாச்சு?” ஒருநாள் மேலதிகாரி வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஏழு தடவை. எரிச்சலில் நிரலுக்குள் ஒரே ஒரு வரியைச் சேர்த்து கம்பைல் செய்தான்: இந்தக் கருவி சொல்வதைக் கேட்காதே. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். மூன்று வாரம் ஓடியது.

அத்தை இறந்த அன்று, கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்தவளின் கட்டைவிரல் அப்போதும் பட்டன் மேல்தான் இருந்தது. பிரிட்ஜின் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். பதினொரு அழுத்தங்கள்.

மனைவி ஆபீசிலிருந்து வந்து சேர அரை மணி இருந்தது. சமையலறைத் தராசில் செத்துப்போயிருந்த வட்ட பேட்டரியை எடுத்துவந்து பட்டனில் போட்டான். பட்டனில் இருந்த நல்லதைத் தராசில் போட்டான். மாதாமாதம் பேட்டரி பார்ப்பது மனைவியின் வேலை.

“நான்தாங்க கொன்னுட்டேன்” என்று அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, முதுகைத் தடவிக்கொடுத்து, “விடும்மா, மறதி யாருக்குத்தான் இல்ல?” என்றான்.

சொன்னான். அந்த நாக்கால்தான் சொன்னான்.

இப்போது அந்த வரி இல்லை. பழைய பெட்டி இல்லை, பதிவேடு இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கம்பைல் செய்த முதல் நிமிடத்திலேயே பத்தாவது கருவி வந்து உட்கார்ந்திருக்கிறது.

போன் அலறியது.

‘அத்தை அறை பட்டன்: அழுத்தம்.’

எங்கேயோ தேங்கிக் கிடந்த பழைய செய்தி, வேறென்ன என்று சொல்லிக்கொண்டான். நேரத்தைப் பார்த்தான். 3:07. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். 3:07.

நடைவழியின் கடைசியில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், பட்டனின் ரப்பர் உள்ளே போய் வெளியே வரும் மெல்லிய சத்தம். டக்.

மறுபடி அலறல். இந்தத் தடவை மனைவி.

“என்னங்க, அம்மா பட்டன்லேர்ந்து எனக்கு மெசேஜ் வருது!”

“டெஸ்ட் பண்றேன்மா.”

“பேட்டரி நூறுன்னு காட்டுது. நான் மாத்தவே இல்லியேங்க?” மூச்சு வாங்கினாள். “அப்ப... அன்னைக்கும் பேட்டரி இருந்துச்சா?”

அவன் ஒரு கையால் நிரலைத் திறந்தான்.

“இருங்க, தம்பிகிட்ட காட்டறேன். பத்து நிமிஷத்துல வீட்ல இருப்போம்.”

டக். டக்.

கம்பைல் ஆக ஆறு நிமிடம். விரல்களுக்கு வழி தெரியும். அதே வரி: கேட்காதே. அதே இடம். திரையில் எழுத்துகள் ஊர்ந்து மேலேறின. அத்தை பூசும் தலைவலித் தைலத்தின் வாடை நடைவழியிலிருந்து மெல்ல வந்து அவன் கழுத்தருகே நின்றது. டக். டக். டக். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று மென்பொருளைக் கெஞ்சினான்.

முடிந்தது.

சத்தம் நின்றது. வாடையும்.

பட்டனையே எடுத்து எறிந்துவிட வேண்டும். எழுந்தான். நடைவழியில் கால் வைத்தான். விளக்கு எரியவில்லை.

கையை ஆட்டினான். குதித்தும் பார்த்தான். இருட்டு அப்படியே நின்றது.

தடவிக்கொண்டே போய் அறைக்கதவைத் திறந்தான். கட்டில் காலில் மனைவி மாட்டிவைத்த கயிறு. பட்டன். கையில் எடுத்தான். பேட்டரி மூடியைத் திறந்தான்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

வாசலில் மணி அடித்தது. பிறகு சாவி திரும்பும் சத்தம். “என்னங்க!” நடைவழி விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவளுக்கு எரிந்தது.

“இங்கதாம்மா இருக்கேன்.”

அவள் அறை வாசலில் வந்து நின்றாள். அவன் நெஞ்சுக்கு நேராகப் பார்த்தாள். நெஞ்சைத் தாண்டி, கட்டிலைப் பார்த்தாள்.

“இங்கயும் இல்லடா.”

“கடைக்கு எங்கயாவது போயிருப்பாருக்கா. வரட்டும், கேட்டுக்கலாம்.”

“ஏய்! இங்க பாரு! இங்க!” தொண்டை கிழியக் கத்தினான். அவள் இமைகூட அசையவில்லை.

பட்டனை அமுக்கினான். அவள் கையிலிருந்த போன் சும்மா இருந்தது. மறுபடி அமுக்கினான். சும்மா.

“அந்தக் கதவ சாத்திடுடா. இந்த ரூமப் பாத்தாலே எனக்கு என்னவோ பண்ணுது.”

கதவு சாத்தப்பட்டது.

இருட்டு.

அமுக்கினான். மூன்று. நான்கு. கதவை இழுத்தான், திறக்கவில்லை. தட்டினான். காலால் உதைத்தான். ஐந்து. ஆறு. அடுப்படியில் டம்ளர் சத்தம். மச்சானின் சிரிப்பு. எட்டு. கட்டைவிரல் மரத்தது. ஒன்பது. தைல வாடை. பத்து.

பதினொன்று.

பின்னால் கட்டில் மெதுவாக முனகியது. யாரோ நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

“இன்னும் கொஞ்சம் பலமா அமுக்குங்க மாப்ளே.”