திரும்பும் ஊர் எழுதாத சீட்டு

சீட்டுக் கட்டில் ஒன்று கூடுதலாக இருந்தது.

மாடியறையை அடைத்துக் கிடந்த அந்தப் பொம்மை ரயில் உலகத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் கணவர் தம் குண்டுக் கையெழுத்தில் எழுதிவைப்பார். நிஜ ரயில்வேயில் எப்படியோ அப்படியே நடக்க வேண்டும் அவருக்கு. அதற்காகவே பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனும் சார்ட்டுமாகக் கன்ட்ரோலர் வேலை பார்ப்பார். ஓடும் வண்டி அவர் கண்ணில் படாது. ஓட்டுகிற அவள் "கிளம்பிருச்சு" என்று போனில் சொன்னால்தான் சார்ட்டில் கோடு விழும். அதுவரை எதுவும் நடந்ததாகவே ஆகாது. பதினோரு வருடமாக அவர்களுடைய மாலைகள் இப்படித்தான் போயின. தன்னை நம்பித்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை.

"ஏங்க, புதுசா ஒரு பயணிகள் பெட்டி நிக்குது?" என்று போனில் கேட்டாள்.

"ஆமா. சீட்டைப் பாத்து ஓட்டுங்க, டிரைவரம்மா."

அந்தக் கூடுதல் சீட்டைப் படித்தாள். ஏற்றுமிடம், நம் வீடு. இறக்குமிடம், மலைச் சுரங்கம். அதோடு சரி.

"திரும்புற ஊர் எழுதலையே. கன்ட்ரோலர் சாருக்கு வயசாயிடுச்சு போல."

சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

"மறக்கல," என்றார்.

தண்டவாளத்தின் ஓரத்தில் அவர்கள் வீடு, விரல் உயரத்தில். அதன் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் மஞ்சள் உடைப் பெண்ணை அவள் பிறந்தநாளுக்குத்தான் அவர் அவள் சாயலிலேயே செய்து ஒட்டினார். இன்று கொடி மட்டும் இருந்தது. எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தபடியே வேகக் குமிழைத் திருப்பினாள். என்ஜின் முனகியது, சக்கரங்கள் தண்டவாள இணைப்புகளைக் கடகடவென்று எண்ணிக்கொண்டு போயின, பின்விளக்கின் சிவப்பு சுரங்கத்துக்குள் கரைந்தது.

"கிளம்பிருச்சுங்க," என்றது வாய், பழக்கத்தில்.

போனில் பென்சில் கீறியது. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் மெல்லிய சிரிப்பு.

அப்போதுதான் புரிந்தது, கடைசி ஜன்னலில் தான் பார்த்தது என்னவென்று. மஞ்சள் உடை. கண்ணாடியில் அப்பிய கைகள்.

குமிழைப் பின்னால் திருப்பினாள். சத்தமில்லை. சுரங்கத்தின் மறுபக்கம் எதுவும் வரவில்லை.

"யாருங்க அங்க?"

ஓடிப்போய் நடுக்கதவைத் திறந்தாள்.

அவர் சார்ட்டின் மேல் குனிந்திருந்தார். அதில் வீட்டிலிருந்து சுரங்கம் வரை ஒரு புதுக் கோடு, திரும்பி வரும் கோடு இல்லை. அவர் தோளில் ஒரு கை. அவளுடைய வீட்டு உடுப்பு. அவளுடைய முகம். மச்சம் மட்டும் கன்னம் மாறி இருந்தது.

"என்னங்க!"

அவர் நிமிரவில்லை. அந்த முகம் திரும்பியது. அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது.

"கதவு தானா திறந்துக்கிச்சுங்க."

"சாத்திடும்மா," என்றார். அதே குரல். அதே கனிவு.

அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அந்த இன்னொருத்தி வந்தாள். சாத்தினாள்.

அந்தப் பக்கம் தாழ் விழுந்தது. கதவின் விளிம்பில், அந்தக் கை பிடித்த இடத்தில், நான்கு விரல் தடங்கள். ஈரப் பெயின்ட். அவளுடைய தோல் நிறம்.